அலைன்மென்ட் பார்த்தும் கார் ஏன் இழுக்கிறது?

வாசகர் ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடையது முன்சக்கர இயக்கமுள்ள சிறிய கார். சில மாதங்களுக்கு முன், மழை பெய்த ஓர் இரவில், தண்ணீர் தேங்கிய பள்ளம் கண்ணில் படாமல் இடது முன்சக்கரம் வேகமாக அதில் இறங்கிவிட்டது. ரிம்முக்கும் டயருக்கும் வெளிப்படையான சேதம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து நேராகப் போகும்போது ஸ்டீயரிங் சற்றே வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. கையைத் தளர்த்தினால் காரும் மெதுவாக வலப்பக்கம் போகிறது. இரண்டு இடங்களில் வீல் அலைன்மென்ட் செய்து பார்த்தார். முதல் இடத்தில், “எல்லாம் பச்சையில் (அதாவது அனுமதித்த எல்லைக்குள்) இருக்கிறது, ரோடுதான் சரியில்லை” என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் அச்சுத் தாள் கொடுத்தார்கள். அதில் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரியான அளவில் இருக்கிறது, காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) வலப்பக்கம் −0°30′, இடப்பக்கம் −1°45′. “இந்த காரில் கேம்பரை அட்ஜஸ்ட் பண்ண வழியில்லை, வேண்டுமானால் ஜாக்கி வைத்து இழுத்துத் தருகிறோம்” என்றார்களாம். வேறொரு மெக்கானிக், ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் ரேக்கையே மாற்றச் சொல்கிறார். இதற்குள் இடது முன் டயரின் உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்துவிட்டது. பொறுமை இழந்த வாசகர், நண்பர் சொன்னபடி வலப்பக்க டை ராடை (ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியை) மட்டும் ஒரு முழுச் சுற்று திருப்பியிருக்கிறார். ஸ்டீயரிங் நேராகிவிட்டது. ஆனால் வேகமாகப் போகும்போது கார் இப்போது அலைபாய்கிறது.

வலப்பக்கம் இழுப்பதால் கோளாறு வலது சக்கரத்தில்தானா, கேம்பரை இழுக்க விடலாமா, ரேக்கை மாற்ற வேண்டுமா, வீட்டிலேயே நூல் கட்டி அளந்து சரி செய்ய முடியுமா, தேய்ந்த டயரை என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

அளவுகளைக் குறித்துவைத்து எழுதியதற்கு முதலில் நன்றி. “கார் இழுக்கிறது” என்று மட்டும் எழுதியிருந்தால் பொதுவாகத்தான் பதில் சொல்லியிருக்க முடியும். நீங்கள் அனுப்பிய எண்களே உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் சொல்லிவிடுகின்றன. ஆனால் அதற்கு முன் அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

அந்த ஒரு சுற்று

நீங்கள் திருப்பிய சுற்றை அப்படியே பழைய நிலைக்குத் திருப்புங்கள். ஒரு சுற்றில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய கார்களின் டை ராடில் மரையின் இடைவெளி பெரும்பாலும் 1.5 மி.மீ. அதாவது ஒரு சுற்றுக்கு ராடின் நீளம் 1.5 மி.மீ. மாறும். அது தள்ளுவது சக்கரத்தின் விளிம்பையல்ல, நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் பாகத்தில்) இருக்கும் குட்டையான ஸ்டீயரிங் கையை. அந்தக் கையின் நீளம் 13 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் சக்கரம் சுமார் 0.66 டிகிரி, அதாவது 40 நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு நிமிடம்) திரும்பிவிடும். 15 அங்குல ரிம்மின் விளிம்பில் அளந்தால் அது 4 மி.மீ.க்கும் மேல். பல சிறிய கார்களுக்கு இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே டோ 0 முதல் 2 மி.மீ.க்குள்தான் இருக்கும். ஒரே சுற்றில் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

ஸ்டீயரிங் நேரானதற்கும் காரணம் இதுதான். ஓடும்போது இரண்டு முன்சக்கரங்களும் அந்தப் பிழையை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும், அதற்கேற்ப ஸ்டீயரிங்கின் நடுநிலை நகரும். நகர்ந்து நடுவுக்கு வந்துவிட்டது, ஆனால் சக்கரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அலைபாய்வதைப் பார்த்தால் இப்போது முன்பக்கம் விரிந்து டோ அவுட் ஆகியிருக்க வேண்டும். 0.66 டிகிரியைப் பாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு டயரும் ஒரு கிலோமீட்டருக்கு 5 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது என்று அர்த்தம். இந்த வேகத்தில் புது டயரும் சீக்கிரம் கரைந்துவிடும்.

திருப்பிய பிறகு லாக் நட்டை நன்றாக இறுக்குங்கள். ராடு கூடவே சுற்றாமல் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் இறுக்க வேண்டும். ரேக்கின் ரப்பர் பூட் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கிளிப்பைத் தளர்த்தாமல் ராடைச் சுற்றினால் பூட் முறுகிக் கிழிந்து, தண்ணீரும் மண்ணும் ரேக்குக்குள் போகும். அப்புறம் மெக்கானிக் சொன்ன ரேக் செலவு உண்மையிலேயே வந்துவிடும்.

இழுப்பது வலப்பக்கம், கோளாறு இடப்பக்கம்

வலப்பக்கம் இழுத்தால் வலது சக்கரத்தில்தான் கோளாறு என்று நினைப்பது இயல்பு. பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் அப்படித்தான் இருக்கும். ஒட்டிய பக்கமே இழுக்கும், கொஞ்ச தூரம் ஓடி நிறுத்தினால் அந்தப் பக்க ரிம் மற்றதைவிடக் கடுமையாகச் சூடேறியிருக்கும். கையை நேராக வைத்துவிடாமல், பக்கத்தில் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேம்பர் விஷயம் வேறு. கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் கழித்தல், வெளியே சாய்ந்தால் கூட்டல். சாய்ந்து உருளும் சக்கரம் தான் சாய்ந்த பக்கமே போகப் பார்க்கும். இடது சக்கரத்தின் தலை உள்ளே, அதாவது வலப்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் அது காரை வலப்பக்கம் தள்ளுகிறது. வலது சக்கரம் இடப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். உங்கள் காரில் இரண்டுக்கும் 1°15′ வித்தியாசம், அதனால் இடது சக்கரம் ஜெயிக்கிறது. இரு பக்கக் கேம்பரும் அரை டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் காரில் இருப்பது அதைப்போல் இரண்டரை மடங்கு.

முதல் பணிமனையில் பச்சையாகத் தெரிந்ததும் இதனால் இருக்கலாம். சில மாடல்களுக்குத் தயாரிப்பாளர் தரும் கேம்பர் எல்லை தாராளமானது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக எல்லைக்குள் இருந்தாலும், ஒன்று ஒரு கோடியிலும் மற்றது மறு கோடியிலும் நின்றால் கார் இழுக்கத்தான் செய்யும். தாளில் நிறத்தைப் பார்க்காதீர்கள், இடது வலது எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டோ இழுப்புக்குக் காரணமில்லையா என்று கேட்பீர்கள். முன்சக்கர டோ தவறினால் டயர் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், கார் அலைபாயும். ஆனால் ஒரே பக்கமாக விடாமல் இழுப்பது பெரும்பாலும் அதனால் வருவதில்லை.

உங்கள் டயரும் இதையே சொல்கிறது. டோவால் தேய்ந்த டயரில் குறுக்கே உள்ளங்கையை ஓட்டினால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த் திசையில் ரம்பப் பல்லைப் போல முனை தட்டும். உங்களுடையது உள்விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்கிறீர்கள், அது கேம்பர் தேய்மானம். ஆனால் டை ராடைத் திருப்பிய பிறகு ஓட்டிய தூரத்துக்கு ரம்பத் தேய்மானமும் இப்போது தொடங்கியிருக்கக்கூடும். கையை ஓட்டிப் பாருங்கள்.

வளைந்தது எது?

ஒரு பக்கக் கேம்பர் மட்டும் திடீரென்று மாறியிருக்கிறது, அதுவும் அடி வாங்கிய பக்கத்தில். ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, அல்லது இடம் மாறியிருக்கிறது. என் கணிப்பில் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) அல்லது நக்கிள். ஏன் என்று சொல்கிறேன்.

முன்பக்க பாகங்களைத் தாங்கும் சப்ஃபிரேம் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் இடது கேம்பர் கழித்தல் பக்கம் போகும் அளவுக்கு வலது கேம்பர் கூட்டல் பக்கம் போயிருக்கும். உங்கள் வலது சக்கரம் −0°30′ல் சாதாரணமாக இருக்கிறது. லோயர் ஆர்ம் (சக்கரத்தின் கீழ்ப்பகுதியைக் காரோடு இணைக்கும் கை) பின்னோக்கி வளைந்திருந்தாலோ அதன் புஷ் (ரப்பர் இணைப்பு) கிழிந்திருந்தாலோ சக்கரம் பின்னால் போய்க் காஸ்டர் குறைந்திருக்கும். உங்களுக்குக் காஸ்டர் மாறவில்லை. மிஞ்சுவது ஸ்ட்ரட்டும் நக்கிளும், அப்புறம் தேய்ந்து ஆடும் வீல் பேரிங்கோ பால் ஜாயின்டோ.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு, இதை நான் மிகவும் மதிக்கிறேன். சக்கரம் நேராக இருக்கும்போது, டயரின் உள்பக்கச் சுவருக்கும் ஸ்ட்ரட் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஒரே உயரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். இடப்பக்கம் இடைவெளி குறைவாக இருந்தால் ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கிறது. இரு பக்கமும் சமமாக இருந்தால் மொத்தத் தொகுதியுமே சாய்ந்திருக்கிறது, கோளாறு மேலே ஸ்ட்ரட் மவுன்ட் பக்கமோ கீழே ஆர்ம், சப்ஃபிரேம் பக்கமோ இருக்கும். இரண்டு முன் டயரும் ஒரே அளவாகவும் ஒரே காற்றழுத்தத்திலும் இருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும்.

பணிமனையில் இதையே இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும். ஸ்டீயரிங் அச்சின் சாய்வையும் கேம்பரையும் கூட்டினால் வரும் கோணம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அது இடப்பக்கம் மட்டும் மாறினால் ஸ்ட்ரட் அல்லது நக்கிள். பல கணினி இயந்திரங்களில் இந்த அளவை எடுக்க வசதி இருக்கும். எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரேக்கை மாற்றச் சொன்னவரிடம் ஒரே கேள்வி போதும்: “ஆட்டம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.” ரேக்கில் ஆட்டமோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் எழுதிய அறிகுறி எதுவும் ரேக்கைக் காட்டவில்லை, ரேக்கை மாற்றினால் கேம்பர் ஒரு நிமிடம்கூட மாறாது.

இழுத்துத் தருகிறோம் என்றால்

வேண்டாம். வளைந்த ஸ்ட்ரட்டையோ நக்கிளையோ ஹைட்ராலிக் ஜாக்கியால் மறுபடி வளைத்தால் தாளில் எண் பச்சைக்கு வந்துவிடும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்ட்ரட்டுக்குள் பிஸ்டன் ராடு நேராக ஏறி இறங்க வேண்டும். குழாய் கோணினால் அது உரசி, சீல் போய் எண்ணெய் கசியும். நக்கிள் அலுமினிய வார்ப்பாக இருந்தால் வெளியே தெரியாத விரிசல் விழலாம். ஒரு முறை வளைந்து மறுமுறை நிமிர்த்தப்பட்ட உலோகம் அடுத்த பள்ளத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் உறுதி தர முடியாது. சக்கரத்தைத் தாங்கி நிற்கும் பாகம் அது. உங்களோடு உங்கள் குடும்பமும் அந்தக் காரில் போகிறது.

கேம்பர் போல்ட் என்று ஒன்று உண்டு. ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் மாட்டினால் சிறிதளவு கேம்பரைத் திருத்த முடியும். தயாரிப்பாளர் அனுமதிக்கும் கார்களில், எல்லாப் பாகமும் நேராக இருந்தும் சிறு வித்தியாசம் மிஞ்சினால் அதைப் போடுவதில் தவறில்லை. வளைந்த பாகத்தை மறைக்க அதைப் போடக்கூடாது.

சரி, மாற்றுவது செலவுதானே என்பீர்கள். முழுவதையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லவில்லை. முதலில் ஸ்ட்ரட்டைக் கழற்றிச் சோதிக்கட்டும். அது வளைந்திருந்தால் அதை மாற்றிவிட்டுக் கேம்பரை அளக்கட்டும், சரியாகிவிட்டால் நக்கிளைத் தொட வேண்டியதில்லை. ஸ்ட்ரட்டின் உள்ளிருக்கும் ஷாக் அப்சார்பரை மட்டும் இரு பக்கமும் ஜோடியாக மாற்றுவது நல்லது, இல்லாவிட்டால் ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் தளர்ந்ததுமாக இருக்கும். ஆர்ம் புஷ் போல்டுகளைக் கழற்ற வேண்டி வந்தால், கடைசி இறுக்கத்தைச் சக்கரம் தொங்கும் நிலையில் செய்யாமல், காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு செய்யச் சொல்லுங்கள். இதில் அவசரப்பட்டால் புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

வீட்டில் நூல் கட்டி அளப்பது

இதைச் செய்யக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நூல் முறை பழையது, நேர்மையானது, பொறுமையாகச் செய்தால் டோவை நம்பும்படி அளக்கலாம். கேம்பரையும் காஸ்டரையும் இதில் அளக்க முடியாது. அதனால் உங்கள் இழுப்பை இது தீர்க்காது, ஆனால் பணிமனை செய்த வேலையைச் சரிபார்க்க மிகவும் உதவும்.

சமதளமான தரை வேண்டும். நான்கு டயரிலும் காற்று சரியான அளவில் இருக்கட்டும். ஜாக்கியில் தூக்கி இறக்கிய உடனே அளக்காதீர்கள், அப்போது சக்கரங்கள் இயல்பான நிலைக்கு வந்திருக்காது. காரை அமுக்கி அமுக்கி விட்டு, சில மீட்டர் முன்னோக்கி மட்டும் உருட்டி நிறுத்துங்கள். பிறகு காரின் இரு பக்கமும், சக்கர நடுவின் உயரத்தில், முன்னும் பின்னும் ஸ்டாண்டு வைத்து நூலை இறுகக் கட்டுங்கள். முன் சக்கர நடுவிலிருந்து நூலுக்கு உள்ள தூரம் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், பின் சக்கரத்திலும் அப்படியே. முன்னும் பின்னும் ஒரே தூரமாக இருக்க வேண்டியதில்லை. பல கார்களில் முன் சக்கரங்களின் அகலமும் பின் சக்கரங்களின் அகலமும் வேறு, இதைக் கவனிக்காமல் கட்டிய நூல் முழு அளவையும் கெடுத்துவிடும்.

இப்போது ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நூலுக்கும், பின்விளிம்பிலிருந்து நூலுக்கும் அளந்து கழியுங்கள். முன்விளிம்பில் தூரம் அதிகமென்றால் அந்தச் சக்கரம் உள்ளே திரும்பியிருக்கிறது, டோ இன். குறைவென்றால் டோ அவுட். ரிம் இலேசாகக் கோணியிருந்தால் அளவு ஏமாற்றும். அதனால் சக்கரம் அரைச் சுற்று உருளும்படி காரை முன்னால் தள்ளி, நூலை மறுபடி சரிபார்த்து அளந்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள்.

உங்கள் நண்பர் “டோ 3 மி.மீ. இருக்கலாம்” என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே அளந்த 3 மி.மீ. என்று கேளுங்கள். ரிம்மில் அளந்த மில்லிமீட்டரும் டயரின் வெளிவிட்டத்தில் அளந்த மில்லிமீட்டரும் ஒன்றல்ல. ஒரு சக்கரத்துக்கு 2 மி.மீ. என்பது 15 அங்குல ரிம்மில் 18 நிமிடம், 600 மி.மீ. விட்டமுள்ள டயரில் அளந்தால் 11 நிமிடம்தான். கையேட்டில் கோணமாகக் கொடுத்திருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரங்களையும் அதே நூலில் பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தால் பின் அச்சு கோணலாக இருக்கிறது. முன்பக்கத்தில் என்ன திருத்தினாலும் ஸ்டீயரிங் நேராக நிற்காது.

திருத்துவதாக இருந்தால், மொத்த டோவை மாற்ற இரு டை ராடுகளையும் சம அளவு நீட்டவோ குறுக்கவோ வேண்டும். டோ சரியாக இருந்து ஸ்டீயரிங் மட்டும் கோணல் என்றால், ஒரு பக்கம் நீட்டிய அளவு மறுபக்கம் குறுக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் போகாதீர்கள், ஒவ்வொரு முறையும் காரை முன்னே உருட்டி மறுபடி அளங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே தலையை விடவே கூடாது, ஸ்டாண்டு வைத்த பிறகுதான்.

ஆனால் உங்கள் இப்போதைய நிலையில், வளைந்த பாகம் மாறும் வரை நூல் வேலை வேண்டாம். ஸ்ட்ரட் கழன்றாலே டோ மாறிவிடும், எப்படியும் மறுபடி அளக்க வேண்டும்.

பணிமனையில் கேட்டு வாங்க வேண்டியவை

அலைன்மென்ட் இயந்திரத்தில் ஏற்றும் முன் முன்சக்கரங்களைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஒரு முறை, இரு பக்கவாட்டிலும் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பால் ஜாயின்ட், பேரிங், டை ராடு எண்டு எதில் ஆட்டம் இருந்தாலும் அளவு நிலைக்காது. நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வேலைக்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் உள்ள அச்சுத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு சக்கரமும் அதில் இருக்க வேண்டும். மாற்றிய பாகத்தின் பெயர் பில்லில் வர வேண்டும், கழற்றிய பழைய பாகத்தையும் காட்டச் சொல்லுங்கள். பில்லில் எழுதத் தயங்கும் எந்த வேலையையும் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. காப்பீட்டில் கேட்கும் எண்ணமிருந்தால் பாகத்தைக் கழற்றும் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்து, படமும் எடுத்துவையுங்கள்.

மின் ஸ்டீயரிங்கும் சறுக்கல் தடுப்பு அமைப்பும் உள்ள கார் என்றால், வேலை முடிந்ததும் ஸ்டீயரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அதைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

பாகம் மாறும் வரை நெடுந்தூரப் பயணமும் அதிவேகமும் வேண்டாம். பிரேக் போடும்போது புதிதாகச் சத்தமோ உதறலோ வந்தால் ஓட்டுவதையே நிறுத்திவிட்டு, கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

கடைசியாக டயர். சக்கரத்தை முழுக்கத் திருப்பி, உள்விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். கம்பியோ துணி அடுக்கோ தெரிந்தால் அந்த டயர் இன்றே கழற்றப்பட வேண்டியது, ஸ்டெப்னியை மாட்டுங்கள். தெரியவில்லை என்றாலும், காடி ஆழம் தேய்மான அடையாளத்தைத் தொட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். புது டயரை ஸ்ட்ரட் வேலைக்கு முன் போட்டுவிடாதீர்கள், வேலை முடிந்து இறுதி அலைன்மென்ட்டுக்கு முன் போடுங்கள். முன்பக்கத்துக்கு ஒரே ரகத்தில் ஜோடியாக வாங்குங்கள். அதற்குப் பிறகும் எண்கள் எல்லாம் ஒத்துப்போய்க் கார் இலேசாக இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். சுழல் திசை அம்புக்குறி உள்ள டயரில் மட்டும் இதைச் செய்ய முடியாது. இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குறை டயரில்தான், விற்றவரிடமே கொண்டுபோய்க் கேட்கலாம்.